மரியநாயகி அளவெடுக்கும்போது சொல்வது

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேமலை டிவிசனில் யாருடைய ஜாக்கெட்டாவது தோளில் ஒரு விரல் கூடுதலாகத் தொங்கினால், அது மரியநாயகி தைத்தது என்று தெரிந்துகொள்ளலாம். வேலை தெரியாதவள் இல்லை. கட்டுநாயக்கப் பக்கம் கார்மென்ட்ஸில் ஒன்பது வருசம் மெசினில் உட்கார்ந்தவள், ஒரு நூல் பிசகாமல் தைப்பாள். ஆனால் அளவெடுக்கும்போது வாய் ஓயாது. பேச்சில் டேப் நழுவிவிடும். "கொஞ்சம் லூசா இருந்தா என்ன, நாளைக்கு உடம்பு போட மாட்டீங்களா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பாள்.

அவள் அப்படி என்ன பேசுகிறாள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

மரியாவுக்கு நாற்பத்தெட்டு வயது. வேதக்காரி. புருசன் லோரன்ஸ் தலவாக்கலையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான். லயம் என்கிற வரிசை வீட்டில் கடைசிக் காம்பரா அவர்களுடையது. அதில் ஒரு மூலையைப் பழைய சேலை கட்டி மறைத்திருக்கிறாள். அந்தச் சேலைக்குப் பின்னால்தான் அளவு எடுப்பாள். லயத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சேலையின் அருமை தெரியும். இங்கே ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் "நூறு ஆயுசு" என்பார்கள். மலையில் கொழுந்தெடுக்கும்போது பின்னால் கங்காணி நிற்பான். பைப்படியில் எப்போதும் பத்துப் பேர். இரண்டு பொம்பளைகள் ஒதுங்கி நின்று பேசினால், "என்னா ரகசியம்?" என்று ஒருத்தன் வந்துவிடுவான். ஜாக்கெட் அளவுக்குப் போகிறேன் என்றால் மட்டும் ஒருத்தனும் கேட்கமாட்டான், எட்டியும் பார்க்கமாட்டான். உள்ளே பேசுவது வெளியே கேட்காமல் இருக்க, மரியாவின் மகள் ஷாமிலா மெசினை ஓட்டிக்கொண்டே இருப்பாள். தைக்கத் துணி இல்லாவிட்டாலும் ஓட்டுவாள்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு தீபாவளிக்கு முந்தி, மகன் வாங்கித் தந்த துணியை எடுத்துக்கொண்டு போனேன்.

"கையத் தூக்குங்க பெரியம்மா."

தூக்கினேன்.

"உங்கள ஒருத்தன் பலவந்தம் பண்ணிட்டான்னு வைங்க..."

"அடி செருப்பால!" என்று கையை இறக்கிவிட்டேன். "எழுபத்திரண்டு வயசுடி எனக்கு. எவன்டி என்னையத் தேடி வர்றான்?"

"வயசு பாத்தா வர்றானுங்க? கையத் தூக்குங்க. மொதல்ல என்னா செய்வீங்க?"

"கவ்வாத்துக் கத்திய எடுப்பேன்."

"அது சரி. அதுக்கப்புறம்?"

"தலை முழுகுவேன். கட்டியிருந்த துணிய ஆத்துல விடுவேன்."

"அதத்தான் செய்யக்கூடாதுங்கிறேன்!" என்று டேப்பாலேயே என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

எங்கள் பழக்கம் அது. சாவு வீட்டுக்குப் போய் வந்தாலும் சரி, ஒன்றைக் கண்டு பயந்தாலும் சரி, கெட்டது எது நடந்தாலும் முதலில் அண்டாவை அடுப்பில் ஏற்றி மஞ்சள் போடுவோம். பாசத்தில்தான் செய்கிறோம். அந்தத் தண்ணீரோடு சாட்சியும் சேர்ந்து சாக்கடைக் கானில் ஓடிவிடும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? மரியாதான் சொன்னாள். குளிக்காதே. துணியைத் துவைக்காதே, கடதாசிப் பையில் போட்டு வை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போ, பொலிசுக்கு முதலில் போய்த்தான் ஆகவேண்டும் என்று இல்லை. மூன்று நாளுக்குள் போனால் நல்லது, கரு தங்காமல் இருக்கவும் நோய் ஒட்டாமல் இருக்கவும் மருந்து தருவார்கள். நாள் கடந்துவிட்டாலும் போ. உன் மேல் தப்பில்லை. பொலிசில் பொம்பளை ஆள் வேண்டும் என்று கேள். தமிழில் எழுதச் சொல். வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதே. லோயருக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் அரசாங்கமே லோயர் தரும், சட்ட உதவி என்று கேட்கவேண்டும். அவனுக்கே கட்டிவைத்தால் குற்றம் அழிந்துபோகும் என்று எவனாவது சொன்னால் நம்பாதே.

தோளில் ஒன்று, கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று அளவோடு அளவாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் பாதியைக் காதில் வாங்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், தைத்ததை வாங்கப் போகும்போது பரீட்சை வைப்பாள். சொன்னதைத் திருப்பிச் சொன்னால்தான் ஜாக்கெட் கையில் வரும். பக்கத்துக் காம்பரா வேலாயி மூன்று தரம் போய் மூன்று தரமும் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். நான் என்ன லேசுப்பட்டவளா? "என் துணி, என் ஜாக்கெட்டு. பாடமெல்லாம் ஒப்பிக்க மாட்டேன்டி" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப அது இங்கயே தொங்கட்டும் பெரியம்மா. அழகாத்தான் இருக்கு."

பன்னிரண்டு நாள் தொங்கியது. தீபாவளிக்கு முதல் நாள் சாயந்தரம் போய் நின்றேன். குளிக்கக்கூடாது என்றேன், துவைக்கக்கூடாது என்றேன், தமிழ் என்றேன். போன் நம்பரைக் கேட்டாள். பொம்பளைகளுக்கு என்று ஒரு நம்பர் இருக்கிறது, ஒன்று ஒன்பது மூன்று எட்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு எங்கள் சின்னாத்தா பிறந்த வருசம், அதனால் அது மட்டும் டக்கென்று வந்தது. "சின்னாத்தாளுக்குக் கும்பிடு போடுங்க" என்று ஜாக்கெட்டைக் கொடுத்தாள். தோளில் ஒரு விரல் லூசு.

இப்படி இரண்டு வருசம். ஆம்பளைகளுக்குத் தெரிந்ததெல்லாம், பொம்பளைகளுக்கு ஜாக்கெட் பைத்தியம் பிடித்திருக்கிறது என்பது மட்டும்தான். வேலாயியின் புருசன் நல்லமுத்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்திலேயே சத்தம் போட்டான்: "மலைக்குப் போறவளுக்கு எதுக்குடி வருசத்துல நாலு ஜாக்கெட்டு? கொழுந்தா பாக்கப்போவுது?" வேலாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

எதற்காக இப்படி மெனக்கெடுகிறாய் என்று மரியாவை ஒருநாள் கேட்டேன். கட்டுநாயக்கவில் அவளோடு ஒரே போர்டிங் ரூமில் இருந்த ஒருத்திக்கு நடந்திருக்கிறது. பக்கத்திலேயே ஆஸ்பத்திரி, பக்கத்திலேயே பொலிஸ். ரூமில் இருந்த ஆறு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. "ஆறு பேரும் சேந்து அவளக் குளிக்க வச்சோம் பெரியம்மா" என்றாள்.

இனி அந்தப் பொண்ணுடைய விசயம். அவள் பேரைச் சொல்லமாட்டேன். இப்படிப்பட்ட வழக்கில் பொண்ணு பேரை எழுதிப் போடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, அதுவும் மரியா சொன்னதுதான். நடந்ததைச் சொல்ல அந்தப் பொண்ணு சம்மதித்தாள், பேர் மட்டும் வேண்டாம் என்றாள். டிவிசன் பேர், தலைவர் பேர் எல்லாம் நானாக வைத்த பேர். தேடிக்கொண்டு அலையாதீங்க.

இருபத்திரண்டு வயது. கெட்டிக்காரி, சிரித்த முகம். ஒரு புதன்கிழமை துணியே இல்லாமல் மரியாவிடம் வந்தாள். நான் அப்போது கிழிந்த பாவாடையோடு அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"அளவு எடுங்கக்கா" என்றாள்.

"துணி எங்கடி?"

"துணி இல்லக்கா. அளவு எடுங்க."

மரியா எழுந்து சேலையை விலக்கி உள்ளே கூட்டிப்போனாள். ஷாமிலா மெசினை ஓட்ட ஆரம்பித்தாள். நான் எழுந்து போயிருக்க வேண்டும், போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பொண்ணே, "அம்மாயியும் உள்ள வரட்டும்" என்று என்னைக் கூப்பிட்டாள்.

செய்தவன் கொழுந்து ஏற்றும் லொறியைக் கான்ட்ராக்ட் எடுத்து ஓட்டுகிற கொந்தராத்துக்காரன். நடந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அவள் அம்மா மஞ்சள் தண்ணீர் ஊற்றி, துணியையும் துவைத்துக் காயப்போட்டு, பிறகுதான் அழுதிருக்கிறாள். அந்தப் பொண்ணுக்கு மரியா சொன்ன பாடமெல்லாம் ஞாபகம் இருந்தது. "அம்மாக்கிட்ட வேணாம் வேணாம்னேன்க்கா, ஊத்திட்டாங்க. இனிமே ஒண்ணும் செய்ய ஏலாதா?"

"யாரு சொன்னா? நாள் கடந்தாலும் போகலாம்னு சொல்லலியா நான்? நீ சொல்றதே சாட்சிதான்டி."

"ஞாயித்துக்கெழமை கோயில்ல பேசுறாங்கக்கா."

அதுதான் விசயம். தலைவர் கந்தப்பன் காதுக்கு எப்படியோ போய்விட்டது. தொழிற்சங்கத் தலைவர், என் கொழுந்தன் மகன். கெட்டவன் இல்லை, ஆனால் எல்லாவற்றையும் மாரியம்மன் கோயில் வாசலில் வைத்துப் பேசி முடித்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். கொந்தராத்துக்காரனை வரச்சொல்லி, தாலி கட்டச் சொல்வதாக ஏற்பாடு. பொண்ணுடைய அப்பா தலைவர் முகத்துக்கு முன்னால் மறுபேச்சுப் பேசத் தெரியாதவர். சாமி முன்னால் ஒரு தடவை தலையாட்டிவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் யார் பொலிசுக்குப் போவது?

மரியா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "போறதா வேணாமான்னு நான் சொல்லமாட்டேன். தலைவரும் சொல்லக்கூடாது. நீதான் சொல்லணும்."

அந்தப் பொண்ணு யோசித்தாள். யோசித்துவிட்டுச் சொன்னாள்: "போறேன்க்கா. ஆனா நான் சொல்றத நான் சொல்ற மாதிரியே எழுதணும். அப்பா தேயிலை ஸ்டோர்ல விழுந்து கால ஒடச்சப்ப சிங்களத்துல எழுதி கையெழுத்து வாங்கினாங்க. அப்புறம் பாத்தா வீட்டுல விழுந்தாருன்னு இருக்கு."

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் மூன்று பேரும் டவுனுக்குப் போனோம். நான் எதற்கு என்று மரியா கேட்டாள். "ஒக்காந்திருக்க ஒரு ஆள் வேணுமா இல்லையா?" என்றேன். ஒரு இடத்தில் உட்கார்ந்தால் என்னை எழுப்ப முடியாது என்பது மேமலையில் எல்லாருக்கும் தெரியும்.

முதலில் ஆஸ்பத்திரி. லேடி டொக்டர் தன்மையாகப் பேசினார். பத்து நாளில் சில அடையாளம் போயிருக்கும், சிலது போகாது என்றார், பார்த்து எழுதிக்கொண்டார், மருந்து கொடுத்தார். அதற்குள் பத்தரை மணி. பிறகு பொலிஸ். பொம்பளைகளுக்கும் பிள்ளைகளுக்கும் என்று தனியாக ஒரு மேசை. அங்கே ஒரு சிங்களப் பொண்ணு, கான்ஸ்டபிள், நல்ல மாதிரி. கதிரை போட்டு உட்கார வைத்தாள். ஆனால் தமிழ் எழுதத் தெரியாது.

"நங்கி, நீங்க சிங்களம் நல்லாப் பேசுறீங்களே. இவ சொல்றத நீங்க சிங்களத்துல சொல்லுங்க, நான் எழுதுறேன்" என்றாள் மரியாவிடம். நங்கி என்றால் தங்கச்சி, நாற்பத்தெட்டு வயதுக்காரிக்கு!

சுலபமான வழிதான். மரியாவின் சிங்களம் கேட்டால் சிங்களவர்களே அசந்துபோவார்கள். ஆனாலும் தலையை ஆட்டினாள். "நான் சொன்னா அது என் பேச்சு மிஸ். இவ பேச்சு இல்ல. தமிழ்ல எழுதுறவங்கள வரச் சொல்லுங்க."

தமிழ் எழுதுகிறவர் ஒரு வழக்குக்காகக் கோட்ஸுக்குப் போயிருந்தார். உள்ளே இருந்து வந்த பெரியவர் ஒருவர் கையை வீசி, "சந்துதா எண்ட" என்றார். திங்கட்கிழமை வா என்கிறார். நமக்கு ஞாயிற்றுக்கிழமை அல்லவா கழுத்தில் நிற்கிறது?

"நாங்க இங்கயே இருக்கோம்" என்றேன் தமிழில். அவருக்கு விளங்கிவிட்டது.

இருந்தோம். பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. மரியாவால் கையைச் சும்மா வைத்திருக்க முடியுமா? கான்ஸ்டபிள் பொண்ணுடைய யூனிபோர்ம் கக்கத்தில் தையல் விட்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். பையில் எப்போதும் ஊசி நூல் இருக்கும்.

"கையத் தூக்குங்க மிஸ்" என்றாள் சிங்களத்தில்.

அந்தப் பிள்ளை வெட்கத்தோடு தூக்கியது. தைத்துக்கொண்டே மரியா பேச்சுக் கொடுத்தாள். ஊர் எது, கல்யாணமாகிவிட்டதா, இந்த மேசைக்கு வந்து எத்தனை மாதம். பிறகு குரலைத் தாழ்த்தி என்னவோ கேட்டாள். அந்தப் பிள்ளை விழித்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடி கேட்ட?" என்றேன்.

"சட்டத்துல பரீட்சை வச்சேன் பெரியம்மா. தமிழ்ல எழுதச் சொல்லிக் கேக்க இந்தப் பொண்ணுக்கு உரிமை இருக்கா இல்லையான்னு."

"என்னா சொன்னா?"

"இருக்காம். பாஸ்."

தையல் முடிந்ததும் கான்ஸ்டபிள் பிள்ளை போனை எடுத்தாள். பக்கத்து ஸ்டேசனில் தமிழ் எழுதத் தெரிந்த பொம்பளை ஆள் இருக்கிறாராம். அங்கே பேசினாள், அவருடைய பெரியவரிடம் பேசினாள், நம் பெரியவரிடம் போய் நின்று பேசினாள். திரும்பி வந்து, "அம்மே, மூணு மணிக்கு வருவாங்க" என்று என் கையைப் பிடித்தாள். என்னையும் நங்கி என்று கூப்பிட்டிருக்கலாம், போகட்டும்.

இரண்டரைக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது கந்தப்பன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான்.

"பெரியம்மா, இது என்னா கூத்து? தோட்டத்துல பேச வேண்டியத ஸ்டேசனுக்குக் கொண்டாந்துட்டீங்க?"

"நீயும்தான வந்திருக்க. ஒக்காரு."

"மரியா, இதெல்லாம் ஒன் வேலையா? ஜாக்கெட்டு தைக்கிறவளுக்கு..."

"தலைவரே, இது பேசித் தீக்கிற வழக்கு இல்ல" என்றாள் மரியா. "காணிச் சண்டைன்னா நீங்க பேசுங்க, கோழி திருடினா பேசுங்க. இதுக்குக் கோட்டு இருக்கு."

"கட்டிக்கிறேங்கிறான். அந்தப் புள்ளயோட வாழ்க்கைக்குத்தான சொல்றேன்?"

அதுவரைக்கும் தலைகுனிந்து இருந்த பொண்ணு நிமிர்ந்தாள். "மாமா, என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

யோசித்துப் பார்த்தால் கந்தப்பன் எல்லாரையும் கேட்டிருக்கிறான், அவளுடைய அப்பாவை, பூசாரியை, கொந்தராத்துக்காரனைக்கூட. இவளை மட்டும் கேட்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தான். ஆட்டோக்காரன் இரண்டு தடவை ஹோர்ன் அடித்தான், திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று பத்துக்கு அந்தப் பொம்பளை அதிகாரி வந்தார். தமிழ் கொஞ்சம் மட்டக்களப்புப் பக்கத்துப் பேச்சு மாதிரி இருந்தது. பொண்ணைப் பார்த்து, "கூட ஆர் வாறது? இவவா, அம்மாவா?" என்று கேட்டார். மரியா முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டு எழுந்தாள். நானும் எழுந்தேன்.

"நான் தனியாவே சொல்றேன்" என்றாள் பொண்ணு.

மரியாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு வருசம் பாடம் நடத்தியவளுக்குக் கடைசியில் வகுப்புக்குள்ளேயே இடமில்லை. கொஞ்ச நேரம் சுருங்கிக் கிடந்த முகம், பிறகு மெல்ல மலர்ந்தது. "பாத்தீங்களா பெரியம்மா, தனியாவாம்!" என்று என் தொடையில் அடித்தாள். வலித்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எழுதியதை அதிகாரி வாசித்துக்காட்டும்போது கதவு கொஞ்சம் திறந்திருந்தது. நடுவில் பொண்ணுடைய குரல் கேட்டது:

"மிஸ், நிப்பாட்டுங்க. அந்த எடத்துல என்னா எழுதியிருக்கீங்க?"

"'என்னைக் கெடுத்துவிட்டார்' எண்டு. அப்பிடித்தான் வழக்கமா எழுதிறது."

"நான் அப்படிச் சொல்லல மிஸ். நான் கெட்டுப்போகல. அவன் பலவந்தம் பண்ணினான்னு சொன்னேன். அப்படியே எழுதுங்க."

பேனா கீறுகிற சத்தம் கேட்டது. என் பக்கத்தில் இருந்த கந்தப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இந்த வார்த்தையை அவள் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்தப் பொண்ணே கண்டுபிடித்தது.

நடந்ததை முழுக்கச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். அவனைப் பிடித்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது, தவணை தவணையாகப் போகிறது, சட்டம் அவ்வளவு வேகமாக நடக்காது என்று மரியாவும் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கூட்டம் கூடத்தான் செய்தது. பேச விசயம் இல்லாமல் கான் வெட்டுவதைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். மரியாவின் சேலைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஆம்பளைகளுக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு பேர் முறைத்தார்கள். நல்லமுத்து மட்டும், "அதுக்காடி நாலு ஜாக்கெட்டு!" என்று வேலாயியிடம் கேட்டுவிட்டு, ஐந்தாவதுக்குத் துணி எடுத்துக் கொடுத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை சாயந்தரம் அந்தப் பொண்ணு ஸ்டேசனுக்கு வெளியே வரும்போது ஐந்து மணி ஆகப்போகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். முறைப்பாட்டு நம்பரை ஒரு துண்டில் எழுதி வாங்கி உள்ளங்கையில் மடித்து வைத்திருந்தாள். கான்ஸ்டபிள் பிள்ளை வாசல்வரை வந்து விட்டுப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. உள்ளே போய் உட்கார்ந்தோம், கந்தப்பனும் என்ன நினைத்தானோ, பின்னாலேயே வந்து எதிரில் உட்கார்ந்தான். உளுந்து வடையும் தேங்காய்ச் சம்பலும் பிளேன்டீயும் வந்தது. பொண்ணு இரண்டு வாயில் ஒரு வடையை முடித்தாள். பத்து நாளாக எதுவும் இறங்கவில்லை என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள்.

கந்தப்பன் கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "என்னா எழுதினாங்க?"

"நான் சொன்னத மாமா" என்றாள், வாய் நிறைய வடையோடு. "அந்தச் சம்பலக் கொஞ்சம் இங்க தள்ளுங்க."

அவன் தள்ளினான்.